ஊருக்கெல்லாம் கேர் பிளான் எழுதறோம், நமக்கு யார் எழுதறது? நர்சிங் ஸ்டூடண்ட்ஸுக்கு செல்ஃப் கேர் பத்தி ஒரு எளிய விளக்கம்

நான் பி.எஸ்சி நர்சிங் ரெண்டாவது வருஷம் படிச்சப்போ கம்யூனிட்டி போஸ்டிங் போட்டாங்க, வீடு வீடாப் போறதுக்கு முன்னாடி ஒருத்தருக்கொருத்தர் ஹீமோகுளோபின் பாத்துப் பழகிக்கோங்கன்னு மேடம் சொன்னாங்க. கம்யூனிட்டி பேக்ல இருந்த சாலிஸ் மீட்டர எடுத்து, விரல்ல குத்தி, அந்தக் குட்டி டியூப்ல ஆசிட்ல ரத்தத்த விட்டு, சொட்டுச் சொட்டாத் தண்ணி சேர்த்து கலர் மேட்ச் பண்ணிப் பாத்தோம். எனக்கு 8.6. பக்கத்துல இருந்தவளுக்கு 9.2. எங்க குரூப்ல பத்து பேர்ல ஏழு பேருக்கு, பொண்ணுங்களுக்கு இருக்க வேண்டிய 12க்குக் கீழ. சாலிஸ்ல வர்ற நம்பர் தோராயம்தான், அதனால தப்பாப் பாத்திருப்போம்னு எல்லாரும் பேசாம பேக்க மூடிட்டுக் கெளம்பிட்டோம்.

அன்னைக்கு மத்தியானமே ஒரு அங்கன்வாடியில உக்காந்து கர்ப்பிணிப் பொண்ணுங்களுக்கு ரத்தசோகை பத்தி ஹெல்த் எஜுகேஷன் குடுத்தேன், கையில முருங்கைக்கீரை படம் வரஞ்ச ஃபிளாஷ் கார்டு. பேசி முடிச்சதும் ஒரு பாட்டி என் கையப் புடிச்சு, "நீ சாப்ட்டியா கண்ணு, மொகமெல்லாம் வெளுத்துக் கெடக்கே"ன்னு கேட்டாங்க. நான் சாப்பிடல. காலையில ஆறரைக்கு பஸ், மெஸ்ல உப்புமா, ரெண்டு வாய் போட்டுட்டு டீயக் குடிச்சிட்டு ஓடி வந்திருந்தேன். அந்தப் பாட்டிக்கு பதில் சொல்ல முடியாம நின்னது இன்னிக்கும் ஞாபகம் இருக்கு, இந்தக் கட்டுரைய எழுதறதுக்கே அதுதான் காரணம்.

ஃபர்ஸ்ட் இயர் ஃபவுண்டேஷன்ஸ் பேப்பர்ல நர்சிங் தியரி வரும்போது ஓரெம்னு ஒரு பேரு வரும். டொரோத்தியா ஓரெம், அமெரிக்காவுல பால்டிமோர்ல 1914ல பொறந்தவங்க, ஒரு நர்ஸ், பின்னாடி டீச்சர். நர்ஸோட வேலை உண்மையில என்ன, ஒரு மனுசனுக்கு எப்போ நர்ஸ் தேவைப்படுதுன்னு ரொம்ப வருஷம் யோசிச்சு, 1971ல புத்தகமா எழுதுனாங்க. அதத்தான் நாம செல்ஃப் கேர் டெஃபிசிட் தியரின்னு மனப்பாடம் பண்ணி அஞ்சு மார்க்குக்கு எழுதிட்டு மறந்துடறோம். அது ரொம்ப எளிமையான ஒரு கணக்கு, நாம தினமும் பாக்கற வாழ்க்கைக்கு அப்படியே பொருந்தற கணக்கு.

ஒவ்வொரு மனுசனும் உசிரோட, ஆரோக்கியமா இருக்கறதுக்காக தனக்குத்தானே தெரிஞ்சு செய்யற வேலைங்க இருக்குல்ல, சாப்பிடறது, தண்ணி குடிக்கறது, தூங்கறது, ஆபத்துல மாட்டாம இருக்கறது, அதெல்லாம் சேர்ந்ததுதான் செல்ஃப் கேர். தெரிஞ்சு செய்யறதுங்கற வார்த்தைய கவனிங்க, அது பொறக்கும்போதே வர்றது இல்ல, சமையல் மாதிரி, சைக்கிள் மாதிரி கத்துக்கறது. அந்த வேலைங்களச் செய்யறதுக்கு நம்மகிட்ட இருக்கற திறமை, நேரம், தெம்பு, வசதி ஒரு பக்கம். நம்ம உடம்புக்கு இன்னிக்கு எவ்ளோ தேவைங்கறது இன்னொரு பக்கம். தேவை அதிகமாகி நம்மால முடியறது கம்மியாச்சுன்னா நடுவுல ஒரு பள்ளம் விழும், அந்தப் பள்ளத்துக்குப் பேருதான் டெஃபிசிட். அந்தப் பள்ளத்த நிரப்பத்தான் நர்ஸ் வர்றாங்கன்னு ஓரெம் சொன்னாங்க.

இப்போ நோயாளிய விட்டுட்டு ஹாஸ்டல் பொண்ணு ஒருத்திய அந்தக் கணக்குல வெச்சுப் பாருங்க. வயசு 18, இன்னும் உடம்பு வளர்ற வயசு, மாசாமாசம் ரத்தம் போகுது, வார்டுல ஆறு மணி நேரம் நிக்கணும், சாயந்தரம் கிளாஸ், ராத்திரி கேஸ் புக் (வார்டுல பாத்த நோயாளிங்களப் பத்தி எழுத வேண்டிய நோட்டு). தேவை எக்கச்சக்கமா ஏறிடுச்சு. வீட்ல இருந்தவரைக்கும் அம்மா தட்டுல போட்டுக் குடுத்தாங்க, அதனால தனக்கு எது வேணும்னு யோசிக்கற பழக்கமே வரல, ஹாஸ்டல்ல மெஸ் நேரம் வேற, பஸ் நேரம் வேற, கையில காசும் கம்மி. முடியறது எறங்கிடுச்சு. இந்த வயசு, எடம், காசு, குடும்பம் மாதிரி விஷயங்களையெல்லாம் ஓரெம் தனியாவே ஒரு பட்டியலாப் போட்டு, ஒருத்தரோட செல்ஃப் கேர இதெல்லாம் மாத்தும்னு சொல்லியிருக்காங்க. எனக்கு இது எவ்ளோ பெரிய ஆறுதலா இருந்துச்சு தெரியுமா, ஏன்னா அதுவரைக்கும் நான் சோம்பேறி, எனக்கு ஒழுக்கம் பத்தலன்னுதான் நெனச்சுக்கிட்டு இருந்தேன். அது ஒரு கழித்தல் கணக்கு. ஒண்ணு தேவையக் கொறைக்கணும், இல்ல முடியறத ஏத்தணும், ரெண்டும் நம்மால தனியா ஆகலன்னா வேற ஒருத்தர் வந்து நிரப்பணும். அந்த வேற ஒருத்தர் ரூம்மேட்டா இருக்கலாம், வார்டனா இருக்கலாம், கிளாஸ் டீச்சரா இருக்கலாம். செல்ஃப்னு பேருல இருக்கறதால எல்லாத்தையும் ஒத்தையாச் செய்யணும்னு யாரும் நெனச்சுக்காதீங்க.

எல்லா மனுசனுக்கும் பொதுவான தேவைன்னு ஓரெம் எட்டு சொன்னாங்க. காத்து, தண்ணி, சாப்பாடு, கழிவு வெளிய போறது, உழைப்பும் ஓய்வும் சமமா இருக்கறது, தனிமையும் நாலு பேரோட பழகறதும் சமமா இருக்கறது, ஆபத்துல இருந்து தப்பிக்கறது, கடைசியா எல்லாரையும் போல நார்மலா இருக்கணும்ங்கற ஆசை. இதுல நம்ம பசங்களுக்கு எங்கெங்க பள்ளம் விழுதுன்னு பாத்தா முதல்ல சாப்பாடு, அதனால அதப்பத்திதான் நெறையப் பேசப் போறேன்.

காலைச் சாப்பாட்ட விடறதுதான் பெரிய பிரச்சினை. ஏழரைக்கு வார்டுல நிக்கணும்னா ஆறரைக்கு பஸ், அதுக்குள்ள குளிச்சு, யூனிஃபார்ம் போட்டு, கொண்ட போட்டு, பின் குத்தி, நெட் மாட்டி வர்றதுக்குள்ள மெஸ்ல நிக்க அஞ்சு நிமிஷம்தான் இருக்கும். ராத்திரி எட்டு மணிக்கு சாப்பிட்டது, அடுத்தது மத்தியானம் ஒண்ணரைக்குன்னா பதினேழு மணி நேரத்துக்கு மேல ஆகுது, நாம ஒரு ஆபரேஷன் பேஷண்ட்டக்கூட அவ்ளோ நேரம் பட்டினி போட மாட்டோம். அந்த வயிறோட போய் ஓ.டி.ல, அதாவது ஆபரேஷன் தியேட்டர்ல, அசையாம நின்னா என்ன ஆகும், ரத்தம் கால்ல போய்த் தேங்கும், காலையிலருந்து தண்ணியும் குடிக்கல, அந்த வாசனை, அந்த ரத்தம், கண்ணு இருட்டிக்கிட்டு வரும். ஃபர்ஸ்ட் டைம் ஓ.டி. போற பசங்க மயங்கி விழறதுக்கு பயம் மட்டும் காரணம் இல்ல, வெறும் வயிறும் ஒரு காரணம். காது அடைக்கற மாதிரி, வேர்க்கற மாதிரி இருந்தா வெக்கப்படாம சொல்லிட்டு ஸ்டெரைல் ஃபீல்ட (ஆபரேஷனுக்காக கிருமி இல்லாம வெச்சிருக்கற எடத்த) விட்டுத் தள்ளி வந்து உக்காந்துடுங்க, முடிஞ்சா படுத்து கால மேல தூக்கி வைங்க. நிக்கும்போது முட்டிய லாக் பண்ணி வெறப்பா நிக்காம கெண்டைக்கால அப்பப்போ இறுக்கி விட்டுக்கிட்டே இருங்க, அது ரத்தத்த மேல தள்ளும்.

நேரம் இல்லங்கறதுக்கு எங்க ரூம்ல நாங்க கண்டுபிடிச்ச வழி என்னன்னா, முதல் நாள் ராத்திரியே காலைச் சாப்பாட்ட பாதி ரெடி பண்ணி வெச்சுடறது. வறுத்த வேர்க்கடலையும் பொட்டுக்கடலையும் ஒரு டப்பால, ரெண்டு வாழைப்பழம், எள்ளுருண்டையோ கடலை மிட்டாயோ. ஊருக்குப் போயிட்டு வரும்போது அம்மாகிட்ட சொல்லி சத்துமாவு அரச்சு எடுத்துட்டு வந்தா வெந்நீர் கெடச்சாப் போதும், கரைச்சுக் குடிச்சிட்டுப் போயிடலாம். முப்பது கிராம் வேர்க்கடலை, அதாவது ஒரு கைப்பிடி, அதுல ஏழு கிராம் புரோட்டீன் இருக்கு, ஒரு முட்டையில ஆறு கிராம். ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 0.83 கிராம் புரோட்டீன் வேணும்னு ஹைதராபாத்ல இருக்கற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சொல்லுது, அப்போ 50 கிலோ இருக்கற பொண்ணுக்கு 42 கிராம் கிட்ட வரும். மெஸ்ல தண்ணியா இருக்கற சாம்பார், ரசம், மோருன்னு மூணு தடவை சோறு சாப்பிட்டா வயிறு நெறையும், ஆனா இந்தக் கணக்கு நெறையாது. சுண்டல் போடற நாள்ல ரெண்டாவது கரண்டி கேட்டு வாங்குங்க, முட்டை குடுக்கற நாள விடாதீங்க, சைவமா இருந்தா தயிர், பயறு, கொள்ளு எது கெடச்சாலும் எடுத்துக்கோங்க.

இரும்புச்சத்துக்கு வருவோம், இது எனக்கு மனசுக்கு நெருக்கமான சமாச்சாரம். 2019-21ல எடுத்த தேசிய குடும்ப நல சர்வேல நம்ம நாட்டுல 15ல இருந்து 49 வயசுக்குள்ள இருக்கற பெண்கள்ல 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகைன்னு வந்துச்சு. நர்சிங் காலேஜ் கேட்டுக்குள்ள வந்துட்டதால நாம அந்தக் கணக்குல இருந்து வெளிய வந்துட மாட்டோம். ஒரு பொண்ணுக்கு ஒரு நாளைக்கு 29 மில்லிகிராம் இரும்பு வேணும், பையனுக்கு 19 போதும், அந்த வித்தியாசம் மாசவிலக்குல போற ரத்தத்தால வருது. ரத்தம் ஊறணும்னா மாதுளையும் பீட்ரூட்டும் சாப்பிடுன்னு எல்லாரும் சொல்வாங்க, செவப்பா இருக்கறதால வந்த நம்பிக்கை அது, பழம் நல்ல பழம்தான், ஆனா அதுல இரும்பு ரொம்பக் கொஞ்சம். எள்ளு, பயறு, கொள்ளு, கீரை வகைங்கள்ல அதவிட நெறைய இருக்கு. அசைவம் சாப்பிடறவங்களுக்கு ஈரலும் சுவரொட்டியும் (ஆட்டு மண்ணீரல்) அருமையான பொருள், நம்ம பாட்டிங்க வயசுக்கு வந்த பொண்ணுக்கும் புள்ள பெத்தவளுக்கும் சுவரொட்டி வாங்கிக் குடுத்தது சும்மா இல்ல, கறியில இருக்கற இரும்ப உடம்பு சுலபமா இழுத்துக்கும்.

கீரையிலயும் பயறுலயும் இருக்கற இரும்பு அப்படி சுலபமா உள்ள போகாது, அதுக்கு ஒரு தொணை வேணும், அந்தத் தொணை வைட்டமின் சி. நெல்லிக்காய், எலுமிச்சை, கொய்யா. பஸ் ஸ்டாண்டுல பத்து ரூபாய்க்கு மொளகாப்பொடி தூவிக் குடுக்கறாங்களே கொய்யா, அதுல ஆரஞ்ச விட பல மடங்கு வைட்டமின் சி இருக்கு. அதே மாதிரி ஒரு எதிரியும் உண்டு, நம்ம டீ. டீயில இருக்கற துவர்ப்புச் சத்து இரும்பப் புடிச்சு வெச்சுக்கிட்டு உள்ள விடாது. காலையில டிபன் கூடவே டீ, சாப்பிட்டு முடிச்சதும் டீ, இதுதான் நம்ம எல்லார் பழக்கமும். டீய விடச் சொன்னா யாரும் கேக்க மாட்டீங்க, நானும் விடல, சாப்பாட்டுக்கும் டீக்கும் நடுவுல ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்க, அது போதும். டாக்டர் இரும்பு மாத்திரை எழுதிக் குடுத்தா அதையும் டீயோடயும் பாலோடயும் போடாம எலுமிச்சைச் சாறோட போடுங்க, மலம் கறுப்பாப் போகும், பயந்து நிறுத்திடாதீங்க. எனக்கு லேப்லயும் ஒன்பதுக்குக் கீழதான் வந்துச்சு, பூச்சி மாத்திரையும் இரும்பு மாத்திரையும் குடுத்தாங்க, மாத்திரையோட சேர்த்து டீ நேரத்தையும் மாத்துனேன், கொய்யாவும் சேர்த்துக்கிட்டேன்.

எடை பத்தியும் சொல்லிடறேன். ஹாஸ்டல் வந்ததும் சில பேர் குண்டாயிடறாங்க, ஏன்னா பசிச்ச நேரத்துல சாப்பிடாம ராத்திரி பத்து மணிக்கு பிஸ்கட், மிக்சர், நூடுல்ஸ்னு எறங்கறோம். சில பேர் அதப் பாத்து பயந்து ராத்திரி சாப்பாட்டையே விட்டுடறாங்க. பி.எம்.ஐ, அதாவது உயரத்துக்கு ஏத்த எடை இருக்கான்னு பாக்கற கணக்கு, 18.5க்குக் கீழ போகக்கூடாது, நம்ம ஆளுங்களுக்கு 23 தாண்டுனாலே கவனிக்கணும், வெள்ளைக்காரங்களுக்கு வெச்ச 25ங்கற எல்லை நமக்குப் பொருந்தாது, ஏன்னா நமக்கு ஒல்லியா இருந்தாக்கூட வயித்துல கொழுப்பு சேரும், சர்க்கரை சீக்கிரம் வரும். ரூம்ல ஒருத்திய குண்டுன்னும் ஒருத்திய குச்சின்னும் கூப்பிடறத தயவுசெஞ்சு விட்டுடுங்க, அந்த ஒரு வார்த்தைக்காக மூணு மாசம் சாப்பிடாம இருந்த பொண்ண நான் பாத்திருக்கேன்.

அடுத்தது தண்ணியும் பாத்ரூமும், ஓரெம் இத ரெண்டு தனித்தனித் தேவையா வெச்சாங்க, நம்ம வாழ்க்கையில ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கிட்டுக் கெடக்கு. போஸ்டிங் போற பொண்ணுங்க வேணும்னேதான் தண்ணி குடிக்கறதில்ல, ஏன்னா குடிச்சா போகணும், போக எடம் இல்ல. ஸ்டாஃப் டாய்லெட் பூட்டியிருக்கும், சாவி யார்கிட்டன்னு தெரியாது, கேக்க பயம், பேஷண்ட் டாய்லெட்டுக்குள்ள கால் வைக்க முடியாது. அதனால காலையில ஏழரையிலருந்து ரெண்டு மணி வரைக்கும் அடக்கிக்கிட்டே இருக்கறோம். பெண்களுக்கு யூரின் போற குழாய் நாலு சென்டிமீட்டர் நீளம்தான், கிருமி மேல ஏற அது ரொம்பச் சின்ன தூரம், யூரின் அடிக்கடி வெளிய போறதுதான் அந்தக் கிருமிய கழுவி விடற வேலையச் செய்யுது. அடக்குனா அந்தக் கிருமி பைக்குள்ள நிதானமாப் பெருகும். எரிச்சல், அடிவயித்து வலி, காய்ச்சல்னு வந்து படுக்கற பொண்ணுங்க ஒவ்வொரு பேட்ச்லயும் உண்டு. பீரியட்ஸ் நாள்ல நாலுல இருந்து ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை நாப்கின் மாத்தணும்னு நாமளே ஸ்கூல் பொண்ணுங்களுக்கு ஹெல்த் டாக் குடுக்கறோம், நமக்கு மாத்த எடம் இல்ல.

இந்தப் பள்ளத்த ஒரு பொண்ணு தனியா நிரப்ப முடியாது, இது கூட வர்ற டியூட்டர் செய்ய வேண்டியது. புது வார்டுக்குப் போன முதல் நாளே எமர்ஜென்சி ட்ராலி எங்கன்னு காட்டற மாதிரி பாத்ரூம் எங்க, சாவி யார்கிட்டன்னும் காட்டிடணும். நான் இப்போ ஸ்டூடண்ட்ஸ கூட்டிட்டுப் போகும்போது அதத்தான் முதல்ல செய்யறேன், பத்தரை மணிக்கு ரெண்டு ரெண்டு பேரா அனுப்பிடறேன், பத்து நிமிஷத்துல எந்த வார்டும் கவுந்துடல. பசங்க பக்கத்துல இருந்து செய்யக்கூடியது, கெளம்பறதுக்கு முன்னாடி ஒரு டம்ளர், பிரேக்ல ஒண்ணு, டூட்டி முடிஞ்சதும் ரெண்டு, யூரின் கலர் வெளிர் மஞ்சளா இருக்கான்னு பாத்துக்கறது.

உடற்பயிற்சின்னு சொன்னா எல்லாரும் சொல்ற ஒரே பதில், "அக்கா, வார்டுல நடக்கறதே போதும், கால் கழண்டு போகுது"ங்கறதுதான். கால் வலிக்குறது உண்மை, ஆனா அந்த நடை பாதி நிக்கறது, நாலு அடி வெச்சு ஒரு பெட்டுகிட்ட நின்னு, திரும்ப நாலு அடி, இதயம் வேகமா அடிக்கற அளவுக்கு அது போறதே இல்ல. உலக சுகாதார நிறுவனம் 2020ல சொன்ன கணக்கு, வாரத்துக்கு 150லருந்து 300 நிமிஷம் மிதமான பயிற்சி, கூடவே வாரத்துல ரெண்டு நாளாவது தசைய பலப்படுத்தற பயிற்சி. மிதமானதுன்னா எப்படித் தெரியும், செய்யும்போது பேச முடியணும், பாட முடியக்கூடாது, அவ்ளோதான். 150 நிமிஷத்த ஒரேயடியாச் செய்ய வேண்டாம், சாயந்தரம் ஹாஸ்டல் கிரவுண்ட்ல போன் பேசிக்கிட்டே சுத்தறோம்ல, அதையே கொஞ்சம் வேகமா இருபது இருபத்தஞ்சு நிமிஷம் சுத்துனா வாரத்துல கணக்கு வந்துடும். மொட்டை மாடியில கயிறு தாண்டலாம், த்ரோபால், ஷட்டில் ஆடலாம், எஸ்.என்.ஏ. (நர்சிங் ஸ்டூடண்ட்ஸ் சங்கம்) கல்ச்சுரலுக்கு டான்ஸ் பிராக்டிஸ் பண்றதும் முழு உடற்பயிற்சிதான்.

ரெண்டாவது பாதிய, அதான் தசைய பலப்படுத்தறத, நம்ம பசங்க சுத்தமா விட்டுடறாங்க, உண்மையில நம்ம தொழிலுக்கு அதுதான் ரொம்ப முக்கியம். எழுபது கிலோ பேஷண்ட்ட பெட்ல மேல தள்ளிப் படுக்க வைக்கறது, திருப்பறது, ஸ்ட்ரெச்சருக்கு மாத்தறது, இதெல்லாம் நாப்பது வருஷம் செய்யப் போற வேலை, நர்ஸுங்களுக்கு இடுப்பு வலி வந்து சேர்ற வழியே இதுதான். உக்காந்து எந்திரிக்கறது, சுவத்துல கைய ஊனிப் புஷ் அப், மல்லாக்கப் படுத்து இடுப்பத் தூக்கறது, இந்த மூணையும் வாரத்துல ரெண்டு நாள் ரூம்லயே பண்ணலாம், சாமானே வேண்டாம். பாடி மெக்கானிக்ஸ்னு படிச்சதையும் டெமோ முடிஞ்சதோட விட்டுடாதீங்க, கட்டில இடுப்பு உயரத்துக்கு ஏத்து, கால அகட்டி நில்லு, முட்டிய மடக்கு, முதுக மடக்காத, பாரத்த உடம்போட ஒட்டி வெச்சுக்கோ, திரும்பணும்னா இடுப்ப முறுக்காம கால எடுத்து வெச்சுத் திரும்பு. கட்டிலே ஏறாத பழைய கட்டிலா இருந்தா ஒரு ஆள் கூடக் கூப்பிடு, கூப்பிடறதுல கௌரவக் கொறச்சல் எதுவும் இல்ல.

தூக்கத்துக்கு வர்றேன். 18ல இருந்து 25 வயசுக்கு ஏழுல இருந்து ஒன்பது மணி நேரம் வேணும், நம்ம பசங்க கேஸ் புக்கும் கேர் ஸ்டடியும் எழுதி முடிச்சு ரெண்டு மணிக்குப் படுத்து அஞ்சரைக்கு எந்திரிக்கறாங்க. தூக்கம் இல்லாத கையில மருந்து லோட் பண்ணக் குடுக்கறது எவ்ளோ ஆபத்துன்னு நெனச்சுப் பாருங்க, அது பேஷண்ட்டுக்கும் ஆபத்து, ஊசி குத்திக்கற நமக்கும் ஆபத்து. முழிச்சிருக்க காபி குடிப்போம், ஒரு கப் காபியில இருக்கற கெஃபின்ல பாதி உடம்ப விட்டுப் போகவே சுமாரா அஞ்சு மணி நேரம் ஆகும், அப்போ ராத்திரி எட்டு மணிக்குக் குடிச்சா ஒரு மணிக்கும் பாதி உள்ள இருக்கு, படுத்தாலும் ஆழ்ந்த தூக்கம் வராது. கேஸ் புக்க சனிக்கிழமைக்கு சேர்த்து வைக்காம அன்னன்னைக்கு வார்ட விட்டு வந்ததும் அரை மணி நேரம் குறிப்பு எழுதிட்டா ராத்திரி பாரம் கொறையும், இத நான் ஃபைனல் இயர்லதான் கத்துக்கிட்டேன்.

நைட் போஸ்டிங் வந்தா சாயந்தரம் ஒண்ணரை மணி நேரம் தூங்கிட்டுப் போங்க. பெரிய சாப்பாட்ட ஒன்பது மணிக்குள்ள முடிச்சிடுங்க, நடுராத்திரியில பிரியாணி பார்சல் வேண்டாம், அந்த நேரத்துல வயிறும் பாதித் தூக்கத்துலதான் இருக்கும், ஒரு பழம், கொஞ்சம் சுண்டல் போதும். விடியக்காலை மூணுல இருந்து அஞ்சு வரைக்கும் உடம்புச் சூடு எறங்கி கண்ணு சொக்கற நேரம், அப்போ உக்காராதீங்க, ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க, மருந்து கணக்கு எதுவா இருந்தாலும் ரெண்டாவது ஆள வெச்சு சரிபாருங்க. காலையில ஹாஸ்டல் வந்ததும் ஜன்னல்ல துப்பட்டாவ மாட்டி, போன சைலண்ட்ல போட்டு நேராப் படுத்துடுங்க, வெயில் கண்ணுல பட்டுட்டா மூளை விடிஞ்சிடுச்சுன்னு முடிவு பண்ணிடும்.

தனிமையும் பழகறதும்னு ஓரெம் சொன்னாங்களே, ஹாஸ்டல்ல அது விசித்திரமா மாறிடுது, எட்டு பேர் ரூம்ல ஒரு நிமிஷம் தனியா இருக்க முடியாது, அதே நேரத்துல மனசத் தொறந்து பேச ஒரு ஆள் இருக்காது. முதல் தடவை ஒரு பேஷண்ட் நம்ம கண்ணு முன்னாடி இறந்து போறாங்க, காலையில வாய் கழுவி விட்டு தலை சீவி விட்ட ஆள், மத்தியானம் பாடி பேக் பண்ணக் கூப்பிடறாங்க, அது முடிஞ்சு நேராப் போய் மெஸ்ல சாப்பாட்டுத் தட்டத் தூக்கணும். யாரும் அதப்பத்திப் பேசறதில்ல, பேசாதது உள்ள போய் உக்காந்துக்கும். அன்னைக்கு ராத்திரி கூட இருந்தவங்க நாலு பேர் சேர்ந்து உக்காந்து அந்தப் பேஷண்ட்டப் பத்திப் பேசுங்க, அழுகை வந்தா அழுங்க, அது பலவீனம் கெடயாது. ரெண்டு வாரத்துக்கு மேல தூக்கம் இல்ல, பசி இல்ல, எதுலயும் பிடிப்பு இல்லன்னா கண்டிப்பா உதவி கேளுங்க, 14416க்கு போன் பண்ணா டெலி மானஸ், அரசாங்கத்தோட இலவச மனநல உதவி எண், 24 மணி நேரமும் தமிழ்லயே பேசுவாங்க.

ஆபத்துல இருந்து தப்பிக்கறதுல ரெண்டே ரெண்டு விஷயம். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூணு டோஸ், 0, 1, 6 மாசக் கணக்கு, முதல் வருஷமே ஆரம்பிச்சிடுங்க, ரெண்டு போட்டுட்டு மூணாவத மறக்கறவங்கதான் அதிகம். ஊசி குத்திக்கிட்டா அமுக்கிப் பிழியாம சோப்பும் தண்ணியும் போட்டுக் கழுவி, திட்டுவாங்கன்னு மறைக்காம உடனே சொல்லிடுங்க, ஹெச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டா ரெண்டு மணி நேரத்துக்குள்ள ஆரம்பிக்கறது நல்லது, 72 மணி நேரம் தாண்டுனா பிரயோஜனம் இல்ல.

இதையெல்லாம் கேட்டுட்டு நாளையிலருந்து எட்டையும் மாத்தறேன்னு ஒக்காந்தா மூணாவது நாளே விட்டுடுவீங்க. பேஷண்ட்டுக்கு கேர் பிளான் எப்படி எழுதறோமோ அதே மாதிரி உங்களுக்கும் எழுதுங்க, அசெஸ்மென்ட், டயக்னோசிஸ், கோல், இன்டர்வென்ஷன், எவால்யுவேஷன், கேஸ் புக்ல போடற அதே கட்டங்கள். என்னோடத சொல்றேன். அசெஸ்மென்ட்ல ஹீமோகுளோபின் 8.6, காலைச் சாப்பாடு வாரத்துல ரெண்டு நாள்தான், டிபனோட டீ, மாடிப்படி ஏறுனா மூச்சு வாங்குது. டயக்னோசிஸ்ல உடம்புத் தேவைய விடக் குறைவான ஊட்டச்சத்து, காரணம் போஸ்டிங் நேரமும் டீப் பழக்கமும். கோல்னு வரும்போது "ஆரோக்கியமா இருப்பேன்"னு எழுதுனா மேடம் அடிச்சு விட்டுடுவாங்கல்ல, அளக்கற மாதிரி இருக்கணும், மூணு மாசத்துல 11 தாண்டணும்னு எழுதுனேன். இன்டர்வென்ஷன்ல ராத்திரியே டப்பா கட்டி வைக்கறது, டீய ஒன்பது மணி பிரேக்குக்குத் தள்ளறது, டாக்டர் குடுத்த மாத்திரைய கொய்யாவோட போடறது. ரூம்மேட் பேரையும் எழுதுனேன், நான் டப்பா கட்டலன்னா அவ கட்டுவா, அவ கட்டலன்னா நான், அந்த ஒரு வரிதான் மத்த எல்லாத்தையும் ஓட வெச்சுது.

எவால்யுவேஷன் கட்டத்துல, மூணு மாசம் கழிச்சு லேப்ல பாத்தது எனக்கு 11.3, ரூம்மேட்டுக்கு 11.8. 12 இன்னும் வரல, அதனால கோல திருத்தி எழுதி இன்னும் மூணு மாசம் ஓட்டுனோம். அடுத்த தடவை உங்க பேட்ச்ல கம்யூனிட்டி பேக் வெளிய எடுக்கும்போது பழகறதுக்காக விரல்ல குத்துவீங்கல்ல, அப்போ வர்ற நம்பர அழிக்காம தேதியோட கேஸ் புக் கடைசிப் பக்கத்துல எழுதி வைங்க, அதுதான் உங்க அசெஸ்மென்ட்டோட முதல் வரி.